மலைப் புள்ளைங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு அம்மாவோட மடல்

வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரில வேலை பாக்குறேன். போன வருஷம் என் பொண்ணுக்கு 14 வயசுல சினைப்பைல கட்டின்னு ஆபரேஷன் ஆச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வரல, ஏன்னா தப்புல பாதி என்னோடது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சம்மத ஃபாரத்துல அவங்க காட்டின மூணு இடத்துலயும் நான் கையெழுத்து போட்டேன், எல்லாம் இங்கிலீஷ், ஒரு வரி படிக்கல. அவ பக்கத்து ஸ்டூல்லதான் ஸ்கேன் கவர மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா. டாக்டர் என்னைப் பாத்தே பேசினாரு, நானும் அவ பக்கம் திரும்பல. மறுநாள் ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு போறப்ப ஆயாம்மா கையப் புடிச்சு "எனக்கு என்னத்த எடுக்கப் போறாங்க ஆயாம்மா, பின்னாடி குழந்தை பொறக்குமா"ன்னு கேட்டிருக்கா. அந்த அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். கட்டிய மட்டும்தான் எடுத்தாங்க, சினைப்பை அப்படியே இருக்கு, இத அவகிட்ட முன்னாடியே சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எங்கிட்ட பேசல. அப்புறம் ஒரு ராத்திரி "என் வயித்த வெட்ட உங்கிட்ட மட்டும் கேட்டாங்க"ன்னா.

அதுக்கப்புறம்தான் தெரிஞ்ச வக்கீல் தம்பிகிட்ட விசாரிச்சேன். 12 வயசுக்கு கீழன்னா புள்ளையோட சம்மதம் செல்லாது, நல்லதுக்கு செய்றதுக்கு பெத்தவங்க சம்மதம் போதும்னு பழைய ஐபிசில, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துல, 89, 90-வது பிரிவு, அதுதான் இப்ப அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல 27, 28. ஆனா 18 ஆகுற வரைக்குமே ஆஸ்பத்திரில எங்க கையெழுத்ததான் வாங்குறாங்க. சரி வாங்கட்டும், ஆனா புள்ளைகிட்ட பேசக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லயாம், தன்னைப் பத்தின விஷயத்துல குழந்தை சொல்றத கேக்கணும்னு இருக்குற ஐ.நா. ஒப்பந்தத்த 1992லயே நம்ம நாடு ஏத்துக்கிச்சாம். இங்கிலாந்துல 1985லயே, 16 வயசு ஆகலன்னாலும் விஷயம் முழுசா புரிஞ்சிருந்தா புள்ளையே சம்மதம் குடுக்கலாம்னு தீர்ப்பு வந்திருக்கு.

இன்னொண்ணும் சொன்னாரு, அதக் கேட்டு எனக்கு தூக்கமே வரல. 44 வயசு பொண்ணு ஒருத்தங்க மயக்கத்துல இருக்கும்போது அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துட்டாங்க, அந்த சம்மதம் செல்லாதுன்னு 2008ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. என் பொண்ணு விஷயத்துல என் கையெழுத்து செல்லும்தான், ஆனா உடம்பு அவளோடதுதானே?

புள்ளை வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. உசுருக்கு ஆபத்துன்னா யாரையும் கேட்டுட்டு நிக்க வேணாம், சட்டமே அதுக்கு வழி விட்டிருக்கு. ஆனா என் பொண்ணுக்கு மூணு வாரம் தள்ளித்தான் தேதி குடுத்தாங்க, அந்த மூணு வாரத்துல அவகிட்ட பேச பத்து நிமிஷம் யாருக்கும் கிடைக்கல, எனக்கும்தான். நாங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு மேட்டுப்பாளையம் இறங்கி அங்கேந்து பஸ் மாறி வர்றவங்க, டாக்டர் பேனாவ நீட்டினா எதிர்கேள்வி கேக்க வாய் வராது. அதனால நீங்கதான் ஆரம்பிக்கணும், எங்கள கொஞ்சம் வெளிய உக்கார வெச்சுட்டு தமிழ்ல, படம் வரைஞ்சாவது அதுங்ககிட்ட சொல்லுங்க.

அடுத்த மாசம் அவளுக்கு திரும்ப ஸ்கேன் இருக்கு. கேக்க வேண்டியத நோட்டுல எழுதி வெச்சிருக்கா, பதினோரு கேள்வி. ரிப்போர்ட்ட எங்கிட்ட குடுக்காதீங்க, அவ கையில குடுங்க.