கண் சிவந்து வருகிறவருக்கு ஸ்டீராய்டு சொட்டு கொடுக்காதீர்கள்

மெடிக்கல் ஷாப் நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். மெட்ராஸ் ஐ சீசன் வந்தாலே உங்கள் கடையில் கூட்டம்தான். "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து குடுங்க" என்றதும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பாட்டில் ஒன்று கை மாறுகிறது, மறுநாளே சிவப்பு குறைகிறது, வாங்கியவருக்கும் உங்கள் மேல் நம்பிக்கை கூடிவிடுகிறது. வம்பே அங்கேதான்.

அந்தச் சிவப்பும் வீக்கமும் வைரஸை எதிர்த்து உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு வைரஸைக் கொல்லாது, சண்டையைத்தான் அடக்கும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸின் வேலை, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். ஆனால் வந்திருப்பது ஹெர்ப்பிஸ் என்றால்? உதட்டோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான், முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் வருடக்கணக்கில் பதுங்கிக் கிடந்து ஒருநாள் கருவிழியில் கிளை கிளையாக ஒரு புண்ணைப் போடும். அப்போது வெறும் ஸ்டீராய்டை விட்டால் அது படர்ந்து பெரிய புண்ணாகிவிடும்.

அதற்காக ஸ்டீராய்டே கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. ஹெர்ப்பிஸ் கருவிழியின் உள்ளடுக்கைத் தாக்கும்போது அங்கே பெருஞ்சேதம் செய்வது வைரஸைவிட அதைத் தேடி வரும் நம்முடைய எதிர்ப்புச் சக்தியின் டி செல்கள்தான். அந்த அழற்சியில் கருவிழி தழும்பாகிப் பார்வையே போகலாம். அங்கே ஸ்டீராய்டு வேண்டும், கூடவே வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஹெர்ப்பிஸ் கண்நோய் ஆய்வு இதைத்தான் காட்டியது. மெட்ராஸ் ஐயிலும் சிலருக்குச் சிவப்பு போன பிறகு கருவிழியில் புள்ளி புள்ளியாக விழுந்து வெளிச்சம் கூசும், அதுவும் எதிர்ப்புச் சக்தியின் கைவரிசை.

ஆக, ஒரு கண்ணைக் காப்பாற்றும் பாட்டில் இன்னொன்றைக் கெடுக்கும். எது எந்தக் கண் என்று கண்ணில் சாயம் விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கண் டாக்டரின் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும், கவுன்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று யாராலும் சொல்ல முடியாது.

வலி, கூச்சம், பார்வை மங்கல் என்று யாராவது சொன்னால், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் என்றால், அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்பது சட்டப்படியும் தப்பு என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அப்புறம், போன வருஷச் சீட்டை நீட்டி "அதே மருந்து" கேட்பவர்களுக்கும் தயவுசெய்து இல்லை என்றே சொல்லுங்கள்.