மலைக்கு மெதுவாகப் போவோம்

திருக்கோணமலை
மார்கழி

அன்புள்ள குகன்,

உன் கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. இங்கே வாடை மழை விட்டபாடில்லை. உப்புவெளிக் கரையில் வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்து வைத்துவிட்டார்கள். மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. அம்மா சுகமாக இருக்கிறா. நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து ஒவ்வொரு நாளும் திகதி கேட்கிறா.

சரி, பயண விஷயத்துக்கு வருகிறேன். சிகிரியா, கண்டி, ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, எல்ல என்று எல்லாவற்றையும் மூன்று நாளுக்குள் அடக்கி எழுதியிருக்கிறாய். வரைபடத்தில் எல்லாம் கிட்டத்தான் தெரியும் மச்சான். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்த ஏற்றத்துக்கு மூன்று மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். அதனால் உன் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டேன். கோபிக்காதே. ஐந்து நாள் எடு.

விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் கந்தளாய்க் குளத்தடியில் வெளிச்சம் வந்துவிடும். அங்கே ஒரு பிளேன்ரீ. ஹபரணை, தம்புள்ளை இரண்டிலும் நிற்க வேண்டாம், நேரே மாத்தளைக்கு.

மாத்தளையில் அரை நாளாவது நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். எல்லோரும் அந்த ஊரை வாசனைத் திரவியத் தோட்டத்தோடு முடித்துவிட்டுக் கண்டிக்கு ஓடுகிறார்கள். தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்துதான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்தவர்கள் கும்பிட்ட மாரியம்மன் இன்றைக்கு முத்துமாரியம்மன் கோயிலாக நிற்கிறா. 2023இல், அவர்கள் வந்து 200 வருஷமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்து ஆட்கள் நடந்தார்கள். நாங்கள் ஏசி வானில் இருந்துகொண்டு தேயிலைப் பச்சையைப் படம் பிடிக்கப் போகிறோம். அந்தப் பச்சை எப்படி வந்தது என்று அறியாமல் மலை ஏற எனக்கு மனமில்லை. நீ வருவதும் மாசியில். மாசி மகத்தன்று அங்கே ஐந்து தேர் ஓடும். அந்த நாளுக்குப் பொருந்தினால் நல்லது. கூட்டத்தில் வானை எங்கே விடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரவு கண்டியில். மறுநாள் பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறுவோம். இந்தப் பாதைதான் எனக்கு உயிர். ஆசிரியராக முதல் நியமனம் கிடைத்து இரண்டு வருஷம் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் அல்லவா, அப்போது கண்டது இது. ஒரு வளைவில் பொடியன் பூங்கொத்தை நீட்டுவான். நீ வாங்காமல் போனால் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவில் அதே பூவோடு நிற்பான். மூன்றாம் வளைவில் மூச்சு வாங்க நிற்பான். வாகனத்தில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படிச் சிரிக்க முடிவதில்லை. அந்த வயதுப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் காலையில் தூங்கி விழுந்தார்கள். யாராவது பூ விற்றால் முதல் வளைவிலேயே வாங்கிவிடுவோம்.

றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர். மாசியில் தண்ணீர் குறைவு, ஆனாலும் இறங்கிப் பார்க்கலாம். அனுமார் கோயிலுக்கு ஏறினால் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும். லபுக்கலையில் தேநீர். அப்புறம் குளிர் தொடங்கிவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். திருக்கோணமலை வெயிலில் வளர்ந்த எங்கள் உடம்புக்கு இரவில் இரண்டு போர்வை வேண்டும்.

மூன்றாம் நாள் சீதா எலிய, ஹக்கல பூங்கா, வெலிமடை, பண்டாரவளை. நான்காம் நாள் விடியவே அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலைமுகட்டுக்கு. காலை 9 மணி தாண்டினால் மூட்டம் வந்து மூடிவிடும், பிறகு ஏறி ஒன்றும் தெரியாது. ஏறும் வழியில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்று உன் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வை. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், ஒரே சனம். கடைசி நாள் பதுளை, மகியங்கனை, பொலன்னறுவை வழியாகத் திரும்புவோம். பின்னேரத்துக்குள் ஹபரணையைத் தாண்டிவிட வேண்டும். இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும்.

வானுக்கு நம் ஊர்ச் சாரதி ஒருவரைச் சொல்லி வைத்திருக்கிறேன். மலையில் ஓடிப் பழகியவர், அதற்காகத்தான் அவர். முன்பு ஒருமுறை வாடகை வானில் றம்பொடை இறக்கத்தில் வந்தபோது சாரதி கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தான். எரிந்த வாடை வந்த பிறகுதான் நிறுத்தினான். பிள்ளைகள் பின்னால் நித்திரை. அந்த வாடையை இன்னும் மறக்கவில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியர், அவசரமில்லை என்று இவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். மழை பிடித்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவோம். சிவப்பு எச்சரிக்கை என்றால் கண்டியிலேயே தங்கிவிடலாம்.

விமானச் சீட்டுத் திகதி முடிவானதும் எழுது. நுவரெலியாவில் அறை பிடிக்க வேண்டும், சித்திரை நெருங்க நெருங்க விலை ஏறிவிடும். உன் மனுசிக்கு வளைவுகளில் தலை சுற்றும் என்று எழுதியிருந்தாய். முன் இருக்கை அவவுக்குத்தான். தேசிக்காய் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்
சிவா