வடலியைப் பார்க்கும் போன்கள்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கனகு,

மோட்டார் ரூமில் அப்படி என்னதான்டா பண்றேன்னு நீ வாட்ஸப்பில் கேட்டதுக்கு ரெண்டு வரியில் பதில் வரவில்லை. மூணு தடவை டைப் பண்ணி அழிச்சேன். அதனால் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, ஆடிக்காத்து இந்த வருஷமும் பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிச்சு என் செல்போன் ரிப்பேர் கடைப் பலகையை ரெண்டு தடவை கீழே தள்ளிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டத்து வேலியோரம் அப்பா ஒரு பனங்கொட்டை போட்டது உனக்குத் தெரியும், ஊரடங்குச் சமயத்தில். "தென்னை வச்சவன் தின்னு சாவான், பனை வச்சவன் பார்த்துச் சாவான், நான் பார்த்துக்கிட்டிருக்கேன் போ"ன்னு சொல்லிக்கொண்டே மண்ணை மூடினார். 2021-இல் அது ரெண்டு ஓலை விட்டு வடலியாக, அதாவது இளம்பனையாக, நின்றபோது எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி. இதை எப்பவும் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வைத்தால் என்ன?

ஆள் கடையில் நிறைய இருந்தது. டிஸ்ப்ளே மாற்ற இவ்வளவு ஆகும்னு சொன்னதும் "அப்புறம் வரேன்"னு போய் வராமலே போனவர்களுடைய போன்கள். ஒரு வருஷம் வைத்திருந்து, போன் பண்ணிக் கேட்டு, "நீங்களே வச்சுக்குங்க"ன்னு சொன்னதை மட்டும் எடுத்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன், அது வேறு பாவம் நமக்கு எதற்கு. அதில் பதினொன்றை ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி மோட்டார் ரூம் ஜன்னல்கட்டையில் வைத்திருக்கிறேன். சிம் கிடையாது, நெட் கிடையாது. மணிக்கு ஒரு போட்டோ. எடுத்த போட்டோ அடுத்த மணி வரைக்கும் அதன் திரையிலேயே நிற்கும். ராத்திரி வெறும் கறுப்புதான், ஆனாலும் எடுக்கும். இருட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் இல்லையா.

கள்ளுக்கடைக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த ஒரு சேட்டன் "இதெந்தா, கேமராக் காவலோ?"ன்னு கேட்டார். ஆமாம்னு சொல்லிவிட்டேன், விளக்கினால் பொழுது போய்விடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டெஹ்சிங் ஷே என்று ஒருத்தர், தைவானில் பிறந்தவர், நியூயார்க்கில் 1980 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருஷம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை மில்லில் அட்டை குத்துவது போல அட்டை குத்தியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃப்ரேம் படம் வேறு. வருஷத்துக்கு 8,760 மணி, அவர் தவறவிட்டது 133. அதில் 94 தூங்கிவிட்டதால். அந்த 94-ஐ ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் ஹால்பர்ஷ்டட் ஊர் தேவாலயத்தில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இசை ஒன்று 2001-இல் ஆரம்பித்து 2640 வரை ஓடப்போகிறது. முதல் பதினேழு மாசம் ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்று ஊதும் சத்தம்தான், ஒரு சுரம்கூடக் கிடையாது. அதைப் படித்தபோது நம்ம ஊர் காத்து ஞாபகம் வந்தது.

என் போன்கள் தவறவிட்டதும் எழுதி வைத்திருக்கிறேன், அது ஒரு நோட்டு நிறைய. முதலில் செத்தது பழையது இல்லை, பதினொன்றிலேயே புதுசு. சார்ஜர் எப்பவும் மாட்டியே இருந்ததால் பேட்டரி நூறிலேயே நின்று, வெயில் சூடும் சேர்ந்து, உப்பிவிட்டது. ஒரு காலை போய்ப் பார்த்தால் பின்மூடி பூரி மாதிரி எழும்பி, பக்கத்தில் ஒரு நூல் வெளிச்சம் தெரிகிறது, திரை மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன், உப்பிய பேட்டரியைக் கையில் எடுக்கும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் டைமர் பிளக் போட்டேன், காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. இன்னொன்றில் சார்ஜிங் ஓட்டையில் எறும்பு குடிவந்தது. ஏழாவதின் லென்ஸ் முன்னால் ஒரு சிலந்தி நாற்பது நாள் இருந்தது, நான் விரட்டவில்லை. அந்த நாற்பது நாளும் பனை எங்கோ பின்னால் பச்சைப் புகை, முன்னால் எட்டுக் கால்.

கரண்ட் நாலு நாள் வராதபோதுதான் பெரிய கூத்து. அணைந்த போன் தானாக எழுந்திருக்காது, பட்டனை அமுக்க நான் போக வேண்டும். எழுந்ததும் அதற்கு இன்றைக்கு என்ன தேதின்னே தெரியாது. சிலது 1970 ஜனவரி 1 காலை 5:30 என்று சொல்லும். அப்பாவுக்கு மீசை முளைக்காத காலத்துத் தேதியில் அவர் போட்ட பனையின் போட்டோ நாலைந்து இருக்கிறது. திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்தத் தேதி விவகாரம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்தப் பழைய போன்களுக்குக் கடிகாரம் என்பது 1970-இலிருந்து எத்தனை நொடி என்ற ஒரே எண்தான். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைக்கும் எண்ணும், அதற்கு மேல் அதில் இடமில்லை. அந்த நொடி நமக்கு 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடி அது 1901 டிசம்பருக்குப் போய் விழும், இல்லையென்றால் சுருண்டு படுத்துவிடும். சரி, 2038-இல் நம்ம வடலிக்கு வயசு என்ன? பதினேழு, பதினெட்டு. பனை பாளை விடும் வயசு. ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை வந்தால்தான் தெரியும், அதுவரை எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, மரமேறுகிறவர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அதாவது இத்தனை வருஷம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, விஷயம் தெரியும் நேரத்தில் இவர்களுக்குத் தேதி மறந்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் காலை 8:44-க்கு நான் அங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. உனக்கும் எனக்கும் அப்போது அறுபதை ஒட்டி இருக்கும், முட்டி ஒத்துழைத்தால் வா.

இன்றைக்கு மிச்சம் ஆறு போன். செத்ததன் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன், வரிசையில் பல் விழுந்த மாதிரி. அது நியாயம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன், இப்போது மனசு மாறிவிட்டது. ஆறும் 2038 வரை தாங்காது.

உன் பீரோவில் அந்த உடைந்த சாம்சங் இன்னும் கிடக்கிறதா? மூலையில் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டதே, அதுதான். கேமரா வேலை செய்தால் போதும். சார்ஜர் வேண்டாம், என்னிடம் சாக்கு நிறைய இருக்கிறது. லாக் பேட்டர்னை மட்டும் ஒரு துண்டுத் தாளில் வரைந்து உள்ளே வை, கூகுள் அக்கவுண்டை நீயே எடுத்துவிடு, அப்புறம் எல்லாத்தையும் அழித்த பிறகும் பழைய அக்கவுண்டைக் கேட்கிற அந்த எஃப்ஆர்பி லாக்கோடு என்னைச் சாகடிக்காதே.

அன்புடன்,
முருகேசன்