இரவு டியூட்டி மிஸ்ஸுக்கும் மற்ற எல்லோருக்கும்

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இரத்தம் கொடுத்தவர்கள், வெள்ளவத்தையிலிருந்து நேரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த திரீவீல் தம்பி, ஒப்பரேஷன் செய்த டொக்டர்மார், எல்லோருக்கும் கையெடுத்து நன்றி.

மிச்சமெல்லாம் இரவு டியூட்டி மிஸ்ஸுக்கு, வார்டில் எங்களைப் பார்த்த தாதிக்கு.

பிறந்தபோது 3,100 கிராம். இரண்டாம் நாள் 2,780. பத்து வீதத்துக்கு மேல் இறக்கம். வந்தவர் போனவரெல்லாம் பால்மா, பால்மா என்றார்கள். மிஸ் தராசைப் பார்த்தார். தடித்த துவாயை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு மெல்லிய துணியோடு பிள்ளையைக் கிடத்தினால், துவாயின் பாரம் பிள்ளையின் கணக்கில் கழிபடும். பிறந்த அன்று நிறுத்த அதே தராசில், விரித்த துணியோடு பூச்சியமாக்கி, நப்பியும் கழற்றி நிறுத்தார்: 2,900. ஆறரை வீதம். இறக்கம் ஏழு வீதத்தைத் தாண்டினால் பால் குடிப்பதைப் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும், பத்துக்குப் போனால் டொக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்றார். சிசேரியனுக்குத் தாய்க்கு ஏற்றும் சேலைனில் கொஞ்சம் பிள்ளைக்கும் போகும். முதல் நாள் அது சிறுநீராக இறங்கும்போதும் நிறை குறையும். அதைப் பால் போதாது என்று எடுக்கக் கூடாது.

அதோடு விடவில்லை. பாலுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை நிறுத்தார். அதே உடுப்பு, அதே நப்பி. இடையில் நப்பி மாற்றினால் சிறுநீரின் பாரம் போய்க் கணக்குப் பிழைக்கும். ஒரு கிராம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். இதற்கு 2 கிராம் வித்தியாசம் காட்டும் தராசு வேண்டும், 20 கிராம் படியில் ஏறுவது உதவாது. 14 கிராம் ஏறியிருந்தது. இரண்டாம் நாள் கடும்புப் பாலுக்கு (சீம்பாலுக்கு) அது தாராளம். ஒரு வேளை குறைந்தாலும் பதறத் தேவையில்லை, நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிற பிள்ளை.

பிள்ளை வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பு மட்டுமல்லாமல் கருவட்டத்தின் கீழ்ப்பக்கமும் உள்ளே போகப் பிடிக்கக் காட்டித் தந்தவரும் அவரே. வார்ட் நிறைய ஆட்கள் இருந்த இரவில் இவ்வளவும்.

இனி எங்கள் வீட்டார் பிள்ளை பார்க்கப் போகும் இடத்தில் பால்மாப் பேச்சு எடுக்க மாட்டோம். ஐந்தாம் நாள் ஆறு நப்பியாவது நனைந்ததா, மலம் மஞ்சளாகிவிட்டதா, இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறை திரும்பியதா என்றுதான் கேட்போம்.