டிஎஸ்சி கருவியோடு வந்த சீலிங் பிரஸ் பற்றிய புகார்

அனுப்புநர்:
பொறுப்பாளர், வெப்பப் பகுப்பாய்வுக் கூடம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சீலிங் பிரஸ்ஸின் அச்சையும் மூடியுடன் கூடிய அலுமினியப் பேன்களையும் மாற்றித் தரக் கோருதல், முடித்துவைக்கப்பட்ட புகாரை மீண்டும் திறக்கக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். பொருளைச் சூடாக்கும்போது அது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியை உங்களிடம் வாங்கினோம். பொருளைப் பேன் என்னும் சிறு கிண்ணத்தில் வைத்து, கருவியோடு வந்த சீலிங் பிரஸ்ஸால் மூடியை அழுத்தி அடைக்க வேண்டும். இதைப் பற்றி இதற்கு முன் மூன்று முறை புகார் செய்திருக்கிறோம். மூன்று முறையும் உங்கள் பொறியாளர் வந்தார். மூன்று முறையும் இண்டியம் என்ற உலோகத்தில் ஒரு துண்டைப் பேனில் போட்டு உருக்கிக் காட்டினார். 156.6 டிகிரியில் வரைகோட்டில் ஊசி போல ஒரு பீக் (முகடு) வந்தது. "கருவி நன்றாக இருக்கிறது, உங்கள் சாம்பிளில்தான் ஏதோ கோளாறு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் முறைக்குப் பிறகு, புகார் 'தீர்க்கப்பட்டது' என்று உங்களிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. எதுவும் தீரவில்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் உலோகம் உருக்குவதில்லை. ஈரமான திசுக்களை ஆராய்கிறோம், பெரும்பாலும் எலி வால் தசைநாண். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருள் நன்றாக நீர் ஊறிய நிலையில் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரிக்குள் பிரிந்துபோகும். அப்போது அது உறிஞ்சும் வெப்பத்தைத்தான் அளக்கிறோம். உங்கள் கருவியில் அந்த இடத்தில் பீக்குக்குப் பதில் பெரும்பாலும் ஒரு மேடுதான் வருகிறது. 50 டிகிரியில் மெல்லக் கிளம்பி, 90 வரை அகலமாகப் படுத்துக்கிடக்கிறது. சில நாள் அதன் முதுகில் பீக் தெரியும், சில நாள் தெரியாது. ஒரே வாலிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் கூட ஒரே விடையைத் தருவதில்லை.

எங்கள் சந்தேகம் பேன் ஒழுகுகிறது என்பது. அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பேனில் ஈரத் திசு 8 மில்லிகிராம் வைக்கிறோம். நீரைக் கழித்தால் உலர் எடை சுமார் இரண்டரை மில்லிகிராம். உலர்ந்த கொலாஜன் கிராமுக்கு 50 முதல் 60 ஜூல் என்று கொண்டால், மொத்தப் பீக்கும் 0.14 ஜூல் அளவுதான். நீர் ஆவியாவதற்கோ அந்த வெப்பநிலையில் கிராமுக்கு ஏறக்குறைய 2,350 ஜூல் வேண்டும். அதாவது 0.1 மில்லிகிராம் நீர் கசிந்தாலே 0.23 ஜூல் போய்விடும், நாங்கள் தேடும் பீக்கை விட அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு எங்கள் அளவீட்டையே விழுங்கிவிடுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. நீர் குறையக் குறையக் கொலாஜன் பிரியும் வெப்பநிலை மேலே ஏறும். நன்றாக உலர்ந்த கொலாஜன் 100 டிகிரியையும் தாண்டித்தான் பிரியும். ஆக, கசியும் பேனில் பீக் மறைவது மட்டுமல்ல, இடமும் நகர்கிறது.

இப்போது இண்டியத்துக்கு வருவோம். அது உலர்ந்த உலோகம். ஆவியே விடாது. மூடியே போடாமல் உருக்கினாலும் அதே பீக்கைத்தான் தரும். மூடி ஒழுகுகிறதா என்று கேட்டால் இண்டியத்துக்கு எப்படித் தெரியும்? குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அதில் கூழாங்கல்லை நிரப்பிய கதைதான் இது.

சாம்பிள்தான் காரணம் என்ற வாதத்தையும் சோதித்தோம். ஒருமுறை சூடாக்கிய பேனைத் திறக்காமல் உடனே குளிரவைத்து மறுபடி சூடாக்கினோம். கொலாஜன் ஒருமுறை கெட்டுவிட்டால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாது, எனவே இரண்டாம் ஓட்டத்தில் கோடு ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். மேடு அப்படியே திரும்ப வந்தது. திசுவை முழுவதுமாக விட்டுவிட்டு வெறும் நீரை 10 மில்லிகிராம் அடைத்துப் பார்த்தோம், அப்போதும் வந்தது. சாம்பிளே இல்லாதபோது சாம்பிளில் கோளாறு எப்படி வரும் என்று உங்கள் பொறியாளரைத் தொலைபேசியில் கேட்டேன். "பார்க்கிறேன் சார்" என்றார். அதோடு சரி.

அப்புறம் எடை போட்டோம். நீர் அடைத்த 12 பேன்களை 90 டிகிரி வரை சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்தோம். ஒன்பது பேன்கள் எடை இழந்திருந்தன; குறைந்தது 0.1, அதிகபட்சம் 0.7 மில்லிகிராம். அதே பெட்டிப் பேன்களை எடுத்துப்போய்ப் பக்கத்து ஆய்வகத்தின் பிரஸ்ஸில் அடைத்து வந்து எங்கள் கருவியிலேயே ஓட்டினோம். பத்தில் ஒன்பது பேன்களில் எடை அசையவில்லை. திசு வைத்துப் பார்த்தபோது 63 டிகிரியை ஒட்டித் தெளிவான பீக்கும் கிடைத்தது. ஒன்று மட்டும் ஒழுகியது. அதனால்தான் பேன்களையும் சேர்த்து மாற்றக் கேட்கிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், உங்கள் பிரஸ் அடைத்த பேன்களின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் அழுந்தாமல் நிற்கிறது. மேல் அச்சும் கீழ் அச்சும் நேராகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பேன் தாங்கும் அளவுக்கு மேல் அழுத்தம் கொடுத்தோம் என்றும் சொல்ல முடியாது. 3 பார் தாங்கும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. 90 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 0.7 பார். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி 1.2 பார். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் மூடியின் மேல் மிஞ்சுவது 1 பாருக்கும் குறைவு.

கூடவே இன்னொன்று, சுருக்கமாக. உங்கள் அளவுத்திருத்தச் சான்றிதழில் வெப்பநிலைக்கு இண்டியம் ஒன்றே புள்ளி, அதுவும் நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில். நாங்கள் வேலை செய்வது 0 முதல் 100 டிகிரிக்குள், நிமிடத்துக்கு 2 அல்லது 5 டிகிரியில். நன்றாக அடைபட்ட பேனில் தூய பனிக்கட்டியை 5 டிகிரி வேகத்தில் உருக்கியபோது, உருகத் தொடங்கும் இடம் 0 அல்ல, 1.2 என்று காட்டுகிறது. உலோகம் உருக்குபவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். குறுக்குப் பிணைப்பு (கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பது) ஏற்றிய திசுவுக்கும் ஏற்றாத திசுவுக்கும் எங்களுக்குச் சில நேரம் 2, 3 டிகிரிதான் வித்தியாசம்.

இந்தக் குழப்பத்தில் என் மாணவி ஒருவர் நான்கு மாதமாகத் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். சரியாக வெட்டவில்லையோ, துடைக்கும்போது காய்ந்துவிட்டதோ என்று ஒவ்வொரு அளவீட்டையும் ஐந்தாறு தடவை திரும்பச் செய்தார். உங்கள் பொறியாளர் மூன்று முறை எழுதிக் கொடுத்த வரியை நம்பியதால் வந்த வினை அது. எனக்குக் கோபம் பிரஸ்ஸின் மேல் அவ்வளவு இல்லை, அந்த வரியின் மேல்தான்.

எங்களுக்கு வேண்டியது: பிரஸ்ஸின் அச்சை மாற்ற வேண்டும், கையிருப்பிலுள்ள பேன்களை வேறு தொகுதிப் பேன்களாக மாற்றித் தர வேண்டும், நீரையும் இண்டியத்தையும் வைத்து இரண்டு புள்ளிகளில், நாங்கள் பயன்படுத்தும் வேகங்களில் அளவுத்திருத்தம் செய்து புதுச் சான்றிதழ் தர வேண்டும். பழைய மூன்று அறிக்கைகளிலும் உள்ள 'சாம்பிள் கோளாறு' என்ற முடிவை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். கருவி இன்னும் உத்தரவாதக் காலத்தில்தான் இருக்கிறது. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம்.

ஒழுகிய பேன்கள் ஒன்பதையும் எண்ணிட்டு ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம், எடைக் குறிப்பும் வரைகோடுகளும் இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் அடுத்த முறை வரும்போது இண்டியத்தைத் தாராளமாகக் கொண்டுவரட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு பேனில் நீர் அடைத்து, சூடாக்கி, எடை போட்டுப் பார்க்கட்டும். தராசு தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
வெப்பப் பகுப்பாய்வுக் கூடம்