டிஃபரன்ஷியல் இரைச்சல்: மாற்றும் முன் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காகக் கம்பளம், பின் இருக்கை, ஒலித்தடுப்பு அட்டை அனைத்தையும் கழற்றி எடை குறைத்த கார்களில், டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) இரைந்த உடனேயே அதைக் கழற்றி எறியும் வழக்கம் எனக்கு வருத்தமளிக்கிறது. அதைத் தாங்கி அதிர்வைத் தணிக்கும் ரப்பர் புஷ்களுக்குப் பதில் அலுமினியப் புஷ்களைப் பொருத்தினால், முன்பே இருந்த மெல்லிய பற்சக்கர ஒலிதான் உடற்கூட்டின் வழியாகப் பெரிதாகக் கேட்கும், அது பழுதன்று. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும், தட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல், மெதுவாகத் திரும்பும்போது கடகடப்பதும் பெரும்பாலும் இயல்பே.

ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளையிட்டால், அதனுள் உள்ள கிரவுன் வீலும் (பெரிய பற்சக்கரம்) பினியனும் (அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) பொருந்தும் விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். பல கார்களில் அவற்றின் பல் இடைவெளி சுமார் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரைதான் இருக்கலாம் என்பதால், தயாரிப்பாளர் கையேட்டின் அளவோடு டயல் கேஜில் (நுண்ணளவுக் கருவி) அளந்து ஒப்பிட்டு, பற்களில் சாயம் தடவித் தொடுதடத்தையும் பார்க்காமல் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றுவது வீண்வேலை. வேகத்திற்கேற்ப உறுமல் தொடர்ந்தால் டிஃபரன்ஷியலின் பேரிங்கைப் பாருங்கள். அதற்கும் முன்பாக, சக்கர பேரிங் அல்ல என்பதை உறுதி செய்யுங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்கும்போது காந்த அடைப்பானில் நுண்ணிய சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் அச்சமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தால், தயவுசெய்து அந்தக் காரை மீண்டும் தளத்தில் இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்