கிடார் வாங்கப் போகிற மாப்பிள்ளைக்கு

கணபதி, கோவை
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இன்லேண்டு லெட்டர் வாங்கி, மடிக்கிற ஓரத்தைக்கூட விடாமல் எழுதி அனுப்புகிற ஆள் உடுமலையில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். கொண்டுவந்து கொடுத்த போஸ்ட்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். இந்த வாரம் பார்த்து ஐந்து போர்வெல் மோட்டார்கள் எரிந்து வந்து பட்டறை வாசலில் வரிசையாகப் படுத்துவிட்டன. தோட்டத்துக்காரர்களுக்குத் தண்ணி இல்லை என்றால் நமக்குத் தூக்கம் இல்லை. இன்றைக்குத்தான் லீவு.

ரிடையர் ஆனதற்கு வாழ்த்து. மில்லில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்களா? நேரம் பார்க்க வேண்டிய தேவை தீர்ந்த அன்றைக்குக் கடிகாரம் கொடுப்பது எந்த ஊர் குசும்போ தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இனிமேலாவது கிடாரை எடுக்கலாம் என்று இருக்கிறேன், என்ன வாங்கலாம்" என்று நீ கேட்டது இரண்டே வரி. மீதி முழுக்க பெங்களூரிலிருந்து பாப்பா அனுப்பிய பட்டியல். எங்க ஊட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். "ஏனுங், அந்த அண்ணனுக்கும் தொத்திருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கணக்கில் என்னிடம் இருக்கிற நாலு கிடாரும் ஒன்றுதான். எதை எடுத்தாலும் அதே ரெண்டு பாட்டுத்தான் வருகிறது என்பாள். பொய் என்று சொல்ல முடியாது.

பட்டியலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பதிமூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1986-ல் பாலிடெக்னிக் படிக்கும்போது ஆளுக்கு முன்னூறு போட்டு டவுன்ஹால் பக்கம் ஒரு கிடார் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? மாரியம்மன் நோம்பிக்கு வந்த மெல்லிசைக் குழுவில் அந்தச் சுருட்டை முடிக்காரர் இளையராஜா பாட்டுக்கு முன்னிசை வாசித்ததை ரெண்டு பேரும் மேடையடியில் நின்று வாய் பிளந்து பார்த்த வருஷம். மூன்று மாதம் ஹாஸ்டல் மாடியில் போராடினோம். எஃப் கார்டு, அதாவது ஒரே விரலால் பல கம்பியை அழுத்துகிற அந்தப் பிடி, பிடிக்கும்போதெல்லாம் உனக்கு விரல் நுனி வெட்டி ரத்தம் வரும். "எனக்குச் சங்கீதக் கை இல்லைடா" என்று சொல்லிவிட்டு உன் பங்கையும் என்னிடமே விட்டுப் போனாய். நானும் அதை நம்பினேன். நான் சின்ன வயதிலிருந்தே அப்பா பட்டறையில் தாமிரக் கம்பி இழுத்துக் கை காய்த்தவன், அதனால் தாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

2012-ல் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்ததே, அப்போது பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அந்தக் கிடாரை எடுத்துத் துடைத்தேன். கை சும்மா இருக்காமல் வெர்னியர் அளவுகோலை எடுத்து, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் பட்டைகளில் பன்னிரண்டாவதுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பார்த்தேன். தடித்த கம்பி ஐந்தரை மில்லிமீட்டர். அங்கே இருக்க வேண்டியது ரெண்டரை. மெல்லிய கம்பிக்கு ரெண்டே போதும். கழுத்து முன்பக்கமாக வில் போல வளைந்திருந்தது. நிமிர்த்தலாம் என்றால் உள்ளே ட்ரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியே வைக்கவில்லை. உடம்பில் கம்பி வந்து முடிகிற பிரிட்ஜ் கட்டை மேல் இருக்கிற சேடில் என்கிற எலும்புத் துண்டைத் தேய்த்து இறக்கப் பார்த்தேன். அதில் ரெண்டு மில்லி தேய்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு மில்லிதான் இறங்கும். மூன்று மில்லி இறக்க அதில் எலும்பே மிச்சம் இருக்காது.

இந்த வளைவு பின்னால் வந்ததாக இருக்கலாமே என்று நீ கேட்பாய். இல்லை. ஹாஸ்டலுக்கு வந்த அந்த சர்ச் கிடார்க்காரர் வாங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இதுல வாசிக்கப் பயில்வான் விரல் வேணும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தாரே, நாம் சிரித்தோமே. அது தமாஷ் இல்லை மாப்பிள்ளை. உன் கையில் ஒரு குறையும் இல்லை. பொருள்தான் கோளாறு. 2012-லேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் போன பிறகு என்னத்தைச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அதனால்தான் பட்டியலில் முதலில் இருக்கிற எண்பதாயிரத்துச் சொச்சத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முதுகும் விலாவும் ஈட்டி மரம், ரோஸ்வுட், என்பதற்காக அந்த விலை. ஈட்டி வேறெங்கோ விளைகிற பொருள் இல்லை, உன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற ஆனைமலைப் பக்கம் வளர்கிற மரம். அமெரிக்காவில் 1833-லிருந்து கிடார் செய்கிற மார்ட்டின் கம்பெனி பிரேசில் ஈட்டி கிடைக்காமல் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்கு மலைத்தொடர் மரம் கப்பலேறிப் போய்க் கிடாராகித் திரும்பி வந்தால் நமக்கு அந்த விலை! சத்தத்தில் அதற்கேற்ற வித்தியாசம் இருக்கிறதா என்று இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2018-ல் எழுதினார்கள். ஆறு கிடார்கள், எல்லாம் ஒரே அமைப்பு, முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரம். 52 கிடார்க்காரர்களை வாசிக்க விட்டார்கள். மரம் எது என்று பார்த்துவிடக் கூடாதென்று வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்! ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்குத்தான் விழுந்தது.

மரத்தில் நீ பார்க்க வேண்டியது முன்பக்கப் பலகை. அதிர்ந்து சத்தம் கொடுப்பது அதுதான். நடுவில் இருக்கிற சவுண்ட் ஹோல் ஓட்டையின் விளிம்பைக் கவனி. மேலே ஓடுகிற ரேகை வெட்டுவாயிலும் தொடர்ந்தால் ஒரே பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட்டை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஒரே பலகை நன்றாகப் பாடும், ஆனால் உங்கள் ஊர்க் காற்றுக்குச் சீக்கிரம் கோபித்துக்கொள்ளும். பங்குனி சித்திரையில் மரம் வற்றிச் சுருங்கி, ஃபிரெட் நுனியெல்லாம் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். மழைக்காலத்தில் வயிறு உப்பிக் கம்பி உயரும். நான் ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்து, கோடையில் கிடார் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன். அதற்கென்று கடையில் விற்கிறதும் இதேதான். எப்படியும் காருக்குள் வெயிலில் மட்டும் விட்டுவிடாதே, பிரிட்ஜ் பசை இளகி எழும்பிவிடும்.

அடுத்தது கம்பி. கரண்ட் இல்லாமல் வாசிக்கிற அக்கூஸ்டிக்கில் வழக்கமாகப் போடுவது பன்னிரண்டு நம்பர் செட். முதல் கம்பி 12 தவ், அதாவது இஞ்சில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன், நம்ம லேத் கணக்குத்தான். ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுவை சுமார் 70 கிலோ, கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை சிமெண்ட். பத்து நம்பர் போட்டால் பத்துக் கிலோவுக்கு மேல் குறையும். சத்தமும் கொஞ்சம் மெலியும்தான். போன வருஷம் எனக்கு மோதிர விரல் காலையில் மடங்கினால் நிமிராமல் நின்றது. அன்றைக்கே பன்னிரண்டை விட்டுப் பத்துக்கு இறங்கிவிட்டேன். ரெண்டு வாரம் மானக்கேடாக இருந்தது, அப்புறம் மறந்துவிட்டது. நீ முதல் நாளே பத்தில் தொடங்கு. நைலான் கம்பிக் கிளாசிக்கலும் யோசிக்கலாம். விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம். தலைப்பக்கம் கம்பி உட்காருகிற நட் துண்டில் 52 மில்லி, சாதாரண அக்கூஸ்டிக்கில் 43 தான். உனக்குக் கை சிறியது.

எலெக்ட்ரிக் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். விரலுக்கு அதைவிடச் சுகம் கிடையாது, கம்பி ஒன்பது நம்பர் போதும். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம் வாசிப்பு இல்லை, காயில்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலேஜ் பையன், "இங்க காயில் கட்டுவீங்களாண்ணா?" என்று ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்து நீட்டினான். எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிக்கு அடியில் இருந்து அதன் அதிர்வைப் பிடித்துக் கொடுக்குமே, அது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், காயில் ஓப்பன், உள்ளே கம்பி அறுந்திருந்தது. ஆறு காந்தக் கட்டை, சுற்றிலும் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம் சுற்று. நாம் மோட்டாருக்கு எடுக்கிற 23-ம் நம்பர் கம்பி 24 தவ். இதற்கு 46-ம் நம்பர், 2.4 தவ். சரியாகப் பத்தில் ஒரு பங்கு! தையல் மெஷின் மோட்டாரில் மாட்டிச் சுற்றினேன். நாலு தடவை அறுந்தது. மூச்சு விட்டால் அறுகிற கம்பி அது. ஐந்தாவது தடவை முடித்து மீட்டரை வைத்தால் ஆறு கிலோ ஓம் காட்டியது. பையன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் சொருகி முதல் கார்டைத் தட்டியபோது, முப்பது வருஷமாக நான் ஓட்டிப் பார்த்த எந்த மோட்டாரும் தராத சந்தோஷம் வந்தது. காசு வாங்கவில்லை. ஊட்டுக்காரிக்கு இது தெரியாது.

ஒற்றைக் காயில் பிக்கப்பில் ஒரு தொந்தரவு உண்டு. பக்கத்தில் கரண்ட் ஓடினால் அதையும் சேர்த்துப் பிடித்து ஆம்பில் 'ம்ம்ம்' என்று முனகும். என் பட்டறையில் கேட்கவே வேண்டாம். கிப்ஸன் கிடார் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955-ல் இதற்கு வழி கண்டார். ரெண்டு காயிலை எதிர் எதிராக இணைத்து, காந்தத்தையும் ஒன்றில் திருப்பி வைத்தார். கரண்டின் முனகல் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். நாம் காயில் கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடும், அவர் அதே மாற்றலை வைத்து உறுமலை நிறுத்தியிருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிடார்களைச் செய்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. அதைப் படித்த நாளிலிருந்து என் வாசிப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஆம்ப் வாங்கினால் பத்து வாட் போதும். நூறு வாட் என்றால் பத்து மடங்கு சத்தம் என்று நினைத்துவிடாதே, காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்காகத்தான் கேட்கும். சத்தத்தை மாற்றிக் காட்டுகிற பெடல் கிடல் ஒன்றும் வேண்டாம். நான் வாங்கிய மூன்றும் பரண் மேல் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ.

மொத்தத்தில் என் யோசனை இது. பதினைந்தாயிரத்துக்குள் ஒரு சாதாரண அக்கூஸ்டிக், பத்து நம்பர் கம்பி. வாங்கிய அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுவந்து நட்டையும் சேடிலையும் நானே தேய்த்து, கம்பி உயரத்தை வெர்னியர் வைத்து இறக்கித் தருகிறேன். ஆறு மாதம் பொழுதோட அரை மணி நேரம் வாசி. ஒறம்பரை வந்தாலும் ஹாலிலிருந்து எடுத்து ஒளிக்காதே, பெட்டிக்குள் போனால் மறந்துவிடுவாய். அதற்கப்புறமும் எண்பதாயிரத்துக் கிடார் வேண்டுமென்று தோன்றினால் வாங்கிக்கொள், நானே கூட வருகிறேன்.

வருகிற ஞாயிறு வா. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து உக்கடத்தில் இறங்கு, வண்டியோடு நிற்கிறேன். காந்திபுரத்தில் ஞாயிறும் திறக்கிற கடை ஒன்று உண்டு. விலைச் சீட்டைப் பார்க்காமல் நாலைந்து கிடாரை மடியில் வைத்துப் பார். பட்டறை வெல்டிங் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். கடைப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்தப் பழைய கிடார் இருக்கிறதா, விறகாகிவிட்டதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது. மோட்டார் ஓடும்போது வருகிற இரைச்சல் 100 ஹெர்ட்ஸ், நொடிக்கு நூறு அதிர்வு. ஆறாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி அதோடு சேர்த்து வாசித்தால், அது 98 என்பதால், நொடிக்கு ரெண்டு அலை அலையாகச் சத்தம் ஏறி இறங்கும். வேலை இல்லாத நேரத்தில் நான் இதை ஒரு விளையாட்டாகவே செய்துகொண்டிருந்தேன். இப்போது கொஞ்ச நாளாக அதற்கு நான்கூடத் தேவையில்லை. ஐந்தாம் கம்பி, 110-ல் இருக்க வேண்டியது, தளர்ந்து தளர்ந்து சரியாக நூறுக்கு வந்து நின்றுவிட்டது போலிருக்கிறது. மோட்டாரை மேசையில் வைத்து ஓட்டினால் சுவரில் அது தானாக முனகுகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் சித்த நேரம் கேட்கிறது. அந்தக் கம்பியை முறுக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து கேள்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
மச்சான்